அத்திப்பள்ளி ஸ்டாம்ப் பேப்பர்

ஜெபசீலியின் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பாள். கொத்தமல்லிக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, மகளின் மார்க் ஷீட் எதுவும் தப்பாது. இது பிறவிக் குணமா, பத்தொன்பது வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்ட குணமா என்று அவள் கணவன் யேசுராஜுக்கே இன்னும் பிடிபடவில்லை. ஓசூர் சிப்காட்டில் லாரிகளுக்கு பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்குக் கடைசிச் சோதனைப் பிரிவில் வேலை. மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் விளக்கடியில் சுற்றிப் பார்த்து, அளவுக் கருவியில் பொருத்திப் பார்த்து, தேறினால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவாள், தேறாவிட்டால் சிவப்புப் பெட்டியில் போடுவாள். அவள் சிவப்புப் பெட்டியில் போட்டதை வெளியே எடுத்து வைக்கிற தைரியம் சூப்பர்வைசருக்கும் கிடையாது.

இப்பேர்ப்பட்டவள், தான் குடியிருக்கிற வீட்டின் வாடகைப் பத்திரத்தை மூன்று வருடம் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, அதன் தலைப்பில் எந்த மாநிலத்து முத்திரை இருக்கிறது என்று பார்க்காமலே இருந்திருக்கிறாள். யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அவளாலேயே வெகுநாள் நம்ப முடியவில்லை.

வீடு என்றால் அவளுக்கு எப்போதும் வாடகை வீடுதான். பிறந்தது தேன்கனிக்கோட்டையில். அப்பா டிராக்டர் மெக்கானிக். ஊரில் பாதி வண்டிகள் அவர் கையால் ஓடின, ஆனால் ஒரு சுவர்கூட அவர் பெயரில் எழவில்லை. கல்யாணத்துக்கு முன்பு மூன்று வீடு, கல்யாணமாகி ஓசூர் வந்தபிறகு மூன்று வீடு, ஆக ஆறு வீடுகளை அவள் காலி செய்திருக்கிறாள். ஒரு ஓனருக்குத் தம்பி துபாயிலிருந்து வருகிறான், இன்னொருவர் இடித்துக் கட்டப் போகிறார், ஒருவர் காரணமே சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு வீட்டை விட்டார்கள். கணக்குப் புத்தகம் எந்தச் சாக்கில் போனது என்று தெரியாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணின் புத்தகத்தை வாங்கிப் படித்துத்தான் பரீட்சை எழுதினாள். பாஸாகிவிட்டாள். ஆனாலும் அந்த நாலு நாளை அவள் மன்னிக்கவில்லை.

ஏழாவது வீடுதான் மத்திகிரி வீடு. பதினோரு வருடமாக இங்கேதான். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கால்நடைப் பண்ணையின் புல்வெளி. ஏப்ரல் மாதத்திலும் அந்த ஜன்னலில் காற்று வரும். கம்பெனி பஸ் நிற்கிற இடம் இரண்டு நிமிட நடை. மகள் டெல்சி இப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போய்வருகிறாள். யேசுராஜ் வேறொரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறான், ராயக்கோட்டை ரோட்டில். சானமாவு பக்கம் யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் அரைமணி, ஒருமணி நின்று வருவான். வந்ததும், யானை எத்தனை, குட்டி எத்தனை என்று மகளிடம் கணக்கு ஒப்பிப்பான். வீடு, வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, அதற்குப் பிறகு ஆட்டுக்கறி. ஜெபசீலிக்கு இந்த வாழ்க்கை பிடித்திருந்தது. இதைவிடப் பெரியதாக எதையும் அவள் கேட்டதில்லை.

பழைய ஓனர் கங்கப்பனையும் பிடித்திருந்தது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வாடகை கேட்பதற்குத் தமிழ் என்று வாழ்ந்த மனிதர். நீங்கள் என்ன சமைக்கிறீர்கள், எந்த சாமி கும்பிடுகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு பிரியாணி போகாவிட்டால்தான் கோபித்துக்கொள்வார். மூன்று வருடத்துக்கு முன்பு வாடகையை ஏற்றியபோது, "எழுத்துல ஒண்ணு இருக்கட்டும்மா" என்று அவரே பத்திரம் போட்டுக் கொண்டுவந்தார். யேசுராஜ் அன்று டியூட்டியில் இருந்ததால் ஜெபசீலி பெயரிலேயே எழுதியாயிற்று.

அவள் அதைச் சும்மா வாங்கவில்லை. வரிவரியாகப் படித்தாள். கதவு எண் 118 என்பது 181 என்று அடித்திருந்தது; அப்பா பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. "அண்ணா, ரிஜெக்ட்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கங்கப்பன் முணுமுணுத்துக்கொண்டே போய், மறுநாள் சரிசெய்து வேறு தாளில் கொண்டுவந்தார். அவர் மகனுக்கு அத்திப்பள்ளியில் டைப்பிங் சென்டர்காரன் ஒருவன் தோஸ்து. கர்நாடக பார்டர் தாண்டினால் பத்து நிமிடம். எல்லாரும் எதற்கெல்லாமோ அத்திப்பள்ளி போகிறார்கள். கங்கப்பன் ஸ்டாம்ப் பேப்பருக்குப் போனார். இரண்டாவது முறை ஜெபசீலி எழுத்தெல்லாம் சரிபார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். எழுத்து ஆரம்பிக்கிற இடத்துக்கு மேலே என்ன அச்சாகியிருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்.

போன ஆகஸ்டில் கங்கப்பன் ஒரு பை கேழ்வரகு மாவோடு வந்து உட்கார்ந்தார். முட்டிவலி தாங்கவில்லை, சந்தாபுரத்தில் மகன் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். தண்ணீர் குடித்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"வீட்ட குடுத்துட்டம்மா. பக்கத்து காலி மனையும் சேர்த்துதான். போன வாரம் ரிஜிஸ்டர் ஆயிருச்சு. வாங்கினவரு நல்ல மனுசன், உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"எங்க அட்வான்ஸ், அண்ணா?"

"அத அவருகிட்டயே கழிச்சு உட்டுட்டேன். அவரு குடுத்துருவாரு."

"எழுதி வாங்கினீங்களா?"

"ஸ்வல்ப நம்பும்மா, கொஞ்சமாச்சும்" என்றார் கங்கப்பன், வருத்தப்பட்டு.

நல்ல மனுஷர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். பெயர் ஹரீஷ்குமார், முப்பத்து நாலு வயது, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், பார்டருக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். கூடவே மாரிமுத்து என்கிற புரோக்கர். ஜெபசீலி குக்கரை இறக்கிக்கொண்டிருக்கும்போதே மாரிமுத்து டேப்பை நீட்டி ஹாலை அளக்க ஆரம்பித்துவிட்டான். ஹரீஷ்குமார் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகப் பேசி வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் அதை எப்படி எதிர்கொள்வது என்று ஜெபசீலிக்குத் தெரியவில்லை.

"அக்கா, இத இடிச்சிட்டு பி.ஜி. ஹாஸ்டல் கட்டலாம்னு இருக்கேன். இங்க கம்பெனிக்கு வர்ற பொண்ணுங்க தங்கறதுக்கு ரூம் கிடைக்க மாட்டேங்குது. மாசக் கடைசிக்குள்ள நீங்க காலி பண்ணிக் குடுத்தா நல்லாருக்கும்."

"எங்களுக்கு அக்ரிமெண்ட் இருக்குதுங்களே."

"அது பழைய ஓனரோட போட்டதுங்க்கா. அவரோட முடிஞ்சிருச்சு. இப்ப நான்தான ஓனர்."

ஜெபசீலி பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துவந்து நீட்டினாள். அதில் ஒரு குறையும் இருக்காது என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஹரீஷ்குமார் வாங்குவதற்குள் மாரிமுத்து வாங்கிவிட்டான். புரோக்கர் கண்ணுக்குத் தலைப்புதான் முதலில் தெரியும்.

"யக்கா, இது கர்நாடகா ஸ்டாம்ப்பு. அத்திப்பள்ளில வாங்கினீங்களா? தமிழ்நாட்டு வீட்டுக்கு இது இன்னாத்துக்கு ஆவும்? போண்டா மடிக்கத்தான் ஆவும்."

அவன் சிரித்தான். ஹரீஷ்குமார் சிரிக்கவில்லை, ஆனால் முகம் லேசாயிற்று. ஜெபசீலி தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். மேலே கர்நாடக அரசு என்று நன்றாகத்தான் இருந்தது. மூன்று வருடமாக அப்படித்தான் இருந்திருக்கும். வீடு போகிறது என்ற பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். அவர்கள் போனபிறகும் காது சுட்டுக்கொண்டே இருந்தது.

யேசுராஜ் எதற்கும் பதறாதவன். ரோட்டில் யானை நின்றால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிற ஆள். "வேற வீடு பாத்துக்கலாம், ஜெபா. ஊர்ல வீட்டுக்கா பஞ்சம்?" என்றான். பஞ்சம்தான் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஆராதனை முடிந்து நேராக வீடு தேடக் கிளம்பினார்கள். முதல் வீட்டில் கேட்டுக்குள் விடும் முன்பே, "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் பெயரைக் கேட்டார்கள். யேசுராஜ் என்றதும், வீடு நேற்றுத்தான் பேசி முடிந்துவிட்டது என்றார்கள், வாசலில் 'டு-லெட்' பலகை அப்படியே தொங்கியது. மூன்றாவது வீட்டில் எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள், ஆனால் டெல்சியின் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறியைக் கழுவும்போது ஜெபசீலிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்காயம் இன்னும் நறுக்கவில்லை, அதனால் சாக்கு சொல்லவும் வழியில்லை.

டெல்சிக்கு அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பெண்ணின் புத்தகங்களும் ஒரு சாக்குக்குள் போகக்கூடாது. ஜெபசீலிக்கு வேண்டியது இது ஒன்றுதான். வீடு சொந்தமாக வேண்டும் என்றோ காலமெல்லாம் இங்கேயே இருக்க வேண்டும் என்றோ அவள் நினைக்கவில்லை. மகள் படிப்பு முடிகிற வரைக்கும் இந்த ஜன்னல் வேண்டும்.

கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் என்று ஒரு பலகை இருக்கிறது. பத்தொன்பது வருடமாக கம்பெனி பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறாள். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் ஒருநாள் காலையில் அங்கே போனாள். இருந்தவர் பிரவீனா என்ற இளம் வக்கீல். ஜெபசீலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியாகத் தலையைக் குனிந்துகொண்டு பத்திரத்தை எடுத்து வைத்தாள்.

பிரவீனா அதைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி இந்த மாசத்துல இது மூணாவதுக்கா" என்றாள். "ஓசூர்ல இருந்துகிட்டு எல்லாரும் அத்திப்பள்ளிக்குத்தான் ஓடறாங்க."

தன்னைப்போல் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கேட்டதும் ஜெபசீலிக்கு மனசு பாதி ஆறிவிட்டது.

"இந்தப் பேப்பர் செல்லாதுங்களா, மேடம்?"

"இத நம்பி கோர்ட்ல நிக்க முடியாது. வேற மாநில ஸ்டாம்ப்பு. இதுல போட்டிருக்கற பதினோரு மாசக் கெடுவும் எப்பவோ முடிஞ்சிருச்சு. இப்ப இருக்கற சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், அதுவும் பண்ணல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. நீங்க அந்த வீட்டுல வாடகைக்கு இருக்கறது இந்தத் தாளால மட்டும் இல்ல. பதினோரு வருசமா இருக்கீங்க, மாசாமாசம் வாடகை பேங்க்ல போயிருக்கு. ஓனர் வீட்ட வித்தா அதோட உங்க வாடகை முடிஞ்சு போறதில்ல. கங்கப்பன் நின்ன இடத்துல இப்ப ஹரீஷ்குமார் நிக்கறாரு. அவருக்கு இருந்த உரிமை இவருக்கு வரும். அவருக்கு இருந்த பொறுப்பும் வரும். அட்வான்ஸ் உட்பட."

"அப்ப மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொன்னது?"

"சொல்லலாம். வாய்க்கு யாரு பூட்டு போட முடியும்? ரெண்ட் கோர்ட் ஆர்டர் இல்லாம உங்க சாமானத் தூக்கி வெளில வைக்க முடியாது. தண்ணி, கரெண்ட்ட நிறுத்த முடியாது. நிறுத்தினா நீங்க கம்ப்ளெய்ண்ட் குடுக்கலாம்."

ஜெபசீலி கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பிரவீனா அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இதையும் எழுதிக்கோங்க. சட்டம் உங்களுக்கு நேரம் குடுக்கும். வீட்டையே குடுத்துராது. இடிச்சுக் கட்டணும்னு அவரு ரெண்ட் கோர்ட்டுக்குப் போலாம். எழுத்துல அக்ரிமெண்ட் இல்லேங்கறதையே காரணமாக் காட்டியும் போலாம். அதனால நீங்களே முந்திக்கிட்டு, புதுசா எழுதிப் பதிவு பண்ணலாம்னு அவருகிட்ட கேளுங்க. வாடகைய மட்டும் ஒருநாள்கூட லேட் பண்ணாதீங்க. அவரு வாங்க மாட்டேன்னாலும், நீங்க குடுத்தீங்கங்கறதுக்கு சாட்சி இருக்கணும்."

அன்றைக்கு இரண்டாம் ஷிஃப்டில் ஜெபசீலி வழக்கத்தைவிட அதிகமாக சிவப்புப் பெட்டியை நிரப்பினாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள்.

ஒன்றாம் தேதி காலையில், ஹரீஷ்குமார் கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டின் நம்பருக்கு போனிலேயே வாடகையை அனுப்பினாள். 'மத்திகிரி வீட்டு வாடகை, செப்டம்பர்' என்று குறிப்பும் போட்டாள். பத்து நிமிடத்தில் பணம் திரும்பி வந்துவிட்டது. மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது. யேசுராஜ் டீயை ஆற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் கேரம்போர்டு ஆடறீங்களா?" என்றான். மூன்றாவது முறை அனுப்பியதும் அங்கேயே நின்றுவிட்டது. ஹரீஷ்குமாருக்கு மீட்டிங் வந்துவிட்டதோ, கை வலித்துவிட்டதோ. எதுவானாலும் புது ஓனர் அவளிடம் வாடகை வாங்கியாயிற்று. மூன்று அனுப்பலையும் இரண்டு திரும்பலையும் அவள் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். புது அக்ரிமெண்ட் எழுதலாமா என்று ஒரு மெசேஜும் போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை.

பத்தாம் தேதிவாக்கில் குழாயில் தண்ணீர் நின்றது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் போர் மோட்டாரின் சுவிட்ச் பெட்டிக்குப் புதிதாக ஒரு பூட்டு. மாரிமுத்துவுக்கு போன் போட்டால், மோட்டார் ரிப்பேர் என்றான். ரிப்பேரான மோட்டாருக்குப் பூட்டு எதற்கு என்று கேட்டதும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான். ஜெபசீலிக்குக் கோபமும் பயமும் சேர்ந்தே வந்தது. யேசுராஜ் சுத்தியலை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கி வைத்தாள்.

வெள்ளைத்தாளை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில் கடிதம் எழுதினாள். தினமும் கம்பெனியில் எழுதுகிற குறை அறிக்கை மாதிரி. பொருள்: தண்ணீர் மோட்டார் சுவிட்ச். கண்ட குறை: பூட்டப்பட்டுள்ளது. கண்ட நாள், நேரம். இருக்க வேண்டிய நிலை: வாடகைச் சட்டப்படி குடிநீரை நிறுத்தக்கூடாது. செய்ய வேண்டியது: இன்றே திறக்கவும். சோதித்தவர்: ஜெபசீலி. வாடகை விஷயங்களைப் பார்க்கிற அதிகாரிக்கு ஒரு நகல் என்று அடியில் எழுதினாள். பூட்டின் போட்டோவையும் சேர்த்து ஹரீஷ்குமாருக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று, ரிஜிஸ்டர் தபாலில் ஒன்று அனுப்பினாள்.

தபால் போய்ச் சேரும் முன்பே, அன்று சாயங்காலமே பூட்டைக் காணோம். ஹரீஷ்குமாரின் போன் வந்தது.

"அக்கா, பூட்டு போட்டது எனக்குத் தெரியாதுக்கா. மாரிமுத்து பண்ணின வேலை. நான் அந்த மாதிரி ஆள் இல்ல."

"இருக்காதுன்னுதான் நானும் நெனச்சேன், தம்பி" என்றாள் ஜெபசீலி. அப்படி ஒன்றும் அவள் நினைத்திருக்கவில்லை. இருந்தாலும் அந்த நேரத்துக்கு அதுதான் வாயில் வந்தது, வந்ததில் தப்பும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் தனியாக வந்தார். மாரிமுத்து இல்லை. ஒரு கவரிலிருந்து தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். தாங்களாகவே விருப்பப்பட்டு மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்வதாகவும், அட்வான்ஸை அன்றைக்கே முழுசாகப் பெற்றுக்கொள்வதாகவும் ஜெபசீலி எழுதிக்கொடுக்கிற மாதிரி டைப் ஆகியிருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டு, பேனாவும் வைத்தார்.

யேசுராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தான். டெல்சி உள்ளறையில் படிப்பதை நிறுத்திவிட்டாள். ஜெபசீலி தாளை எடுத்தாள். முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் முன்பக்கம். இந்தத் தடவை எழுத்துக்கு வரவேயில்லை, தலைப்பிலேயே நின்றுவிட்டாள்.

"தம்பி, இத எங்க போட்டீங்க?"

"ஆபீஸ் பக்கத்துலதாங்க்கா, பொம்மசந்திராவுல. ஏன்?"

அவள் தாளை அவர் பக்கமாகத் திருப்பி, மேலே விரலை வைத்துக் காட்டினாள். கர்நாடக அரசு. ஹரீஷ்குமார் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பொறியியல் படித்தவர், வங்கிக் கடன் வாங்கி வீடு வாங்கியவர், நாலு வாரத்துக்கு முன்பு இதே வாசலில் நின்று இதே குறையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"ரிஜெக்ட்" என்றாள் ஜெபசீலி.

முதலில் யேசுராஜ்தான் சிரித்தான். உள்ளே டெல்சி சிரித்த சத்தம் கேட்டது. ஹரீஷ்குமார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார், அப்புறம் அவருக்கும் அடக்க முடியவில்லை. மாரிமுத்துவின் போண்டா ஜோக்கை யாரும் எடுக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. சிரித்து முடித்தபிறகு அதுவரை மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்த விறைப்பு போய்விட்டது. ஜெபசீலி போய் டீ போட்டாள்.

"அக்கா, நேரா கேக்கறேன்" என்றார் ஹரீஷ்குமார், டம்ளரைப் பிடித்துக்கொண்டு. "நானும் வக்கீலப் பாத்தேன். கோர்ட்டுக்குப் போனா ஒருநாள் கிடைக்கும், ஆனா நாளாவும்ங்கறாரு. எனக்கு லோன் ஓடிக்கினு இருக்குது. உங்களோட சண்டை போடற நேரமும் எனக்கு இல்ல. பொம்மசந்திராவுல நானும் வாடகைக்குத்தான் இருக்கேன். எங்க ஓனரும் போன மாசம் என்னக் கூப்ட்டு, எப்பப்பா காலி பண்றன்னாரு. நீங்க என்னதான் சொல்றீங்க?"

இப்படி அவளிடம் எந்த ஓனரும் கேட்டதில்லை. அவள் பின்பக்க ஜன்னலுக்குப் போய், புல்வெளிக்கும் வீட்டுக்கும் நடுவில் செடி மண்டிக் கிடந்த காலி மனையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தம்பி, அந்த மனையும் உங்களுதுதான? ஹாஸ்டல மொதல்ல அங்க ஆரம்பிங்க. அது எந்திரிச்சு, பொண்ணுங்க குடிவர்றதுக்கே ஒன்றரை வருசம் ஆவும். அதுவரைக்கும் இந்த வீட்டு வாடகை உங்க லோனுக்குக் கைகொடுக்கும். கட்டடத்துக்குத் தண்ணி ஊத்தக்கூட ஆள் வைக்க வேணாம், எங்க வீட்டுக்காரரு ஊத்துவாரு."

"என்னக் கேக்காமயே வேலைக்கு அனுப்பறியே" என்றான் யேசுராஜ்.

ஹரீஷ்குமார் ஜன்னலருகே போய் நின்று பார்த்தார். மனையை வாங்கியவர் அவர்தான், ஆனால் சமையலறைப் பக்கமிருந்து அதைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. போனை எடுத்து ஏதோ கணக்குப் போட்டார். அப்புறம் தலையாட்டினார்.

"சரிங்க்கா. ஆனா எழுத்துல வேணும். என்னிக்கு வரைக்கும்னு அதுல இருக்கணும். பதிவும் பண்ணிடலாம்."

"ஓசூர் ஸ்டாம்ப் பேப்பர்ல" என்றாள் ஜெபசீலி.

திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஜெபசீலி தாளின் தலைப்பை முதலில் பார்த்தாள், தமிழ்நாடு அரசு. ஹரீஷ்குமாரும் எட்டிப் பார்த்தார். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், மோட்டார் எல்லாம் தமிழில் டைப் ஆயிற்று. அட்வான்ஸைத் திருப்பித் தருகிற பொறுப்பு தன்னுடையது என்ற வரியை ஹரீஷ்குமார் தானே சொல்லி அடிக்கச் சொன்னார். கதவு எண்ணை ஜெபசீலி இரண்டு முறை சரிபார்த்தாள்.

டைப் அடிக்கிற பெண் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "எந்தத் தேதி வரைக்கும்னு போடணுங்க?"

ஹரீஷ்குமார் வாயைத் திறந்தார். பிறகு ஜெபசீலி பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க்கா" என்றார்.

"எடம் விடும்மா, நானே எழுதறேன்" என்றாள் ஜெபசீலி. மனதுக்குள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை மார்ச்சில் முடியும். ரிசல்ட் வர மே ஆகும். வந்தபிறகு காலேஜ் தேட வேண்டும், அதற்கும் ஒரு வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பிரிண்ட் வந்ததும் பேனாவை வாங்கி, அந்த இடத்தில் நிதானமாக எழுதினாள்: 30 ஜூன் 2027. எழுதியதை விளக்குப் பக்கம் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். தேதியின் பக்கத்தில் இரண்டு பேரும் சின்னக் கையெழுத்தும் போட்டார்கள்.

பத்து நாளில் பதிவு எண் போனுக்கு வந்தது. அன்று அவளுக்கு முதல் ஷிஃப்ட், நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். டெல்சி ஜன்னலடியில் இயற்பியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மனையில் செடிகளை வெட்ட ஆள் வந்திருந்தார்கள். ஜெபசீலி பத்திரத்தின் நகலை மகளிடம் நீட்டினாள். அந்தப் பெண்ணும் அம்மாவுக்குப் பிறந்தவள்தான். திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படித்தாள். கையால் எழுதிய இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"அப்ப நாம இந்த வீட்ட விட்டுப் போயித்தான் ஆவணுமாம்மா?"

"ஆமாம் கண்ணு, போவணும்" என்றாள் ஜெபசீலி. "நான் சொன்ன அன்னைக்கு."